சுயேச்சை என்பது எது?

தேர்தல் வந்துவிட்டால், "நான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவனல்ல, சுயேச்சையாய் நிற்கின்றேன்" என்று சொல்லிக் கொள்ளுவதையே ஒரு பெரிய யோக்கியதையாகக் காட்டுவது எல்லா நாடுகளிலும் வழக்கமாயிருக்கின்றது. கேட்கின்ற ஜனங்களும், கட்சிக்காரர்களின் பித்தலாட்டங்களைப் பார்த்துச் சலித்துப் போனவர்களாதலால், "இவராவது நல்லவராயிருப்பார்" என்று நம்பிவிடுகின்றார்கள். மூக்கணாங்கயிறு இல்லாத மாடெல்லாம் உழுகிற மாடாகிவிடுமா என்று கேட்கின்றோம். ஒருவர் கட்சியில் சேரவில்லை என்பது அவர் செய்யாத ஒரு காரியமேயொழிய, செய்த காரியமாகாது. அவர் எதைக் கண்டு பேசினார், யாருக்காக ஓட்டுக் கொடுத்தார் என்பதைக் கொண்டுதான் அவரை நிறுக்க வேண்டும்.

இதற்கு உதாரணமாக இங்கிலாந்து தேசத்து எலியனார் ராத்போன் அம்மையாரின் விஷயத்தை எடுத்துக் கொள்ளுவோம். 1872-ல் பிறந்த இவ்வம்மையார், 1909-ல் லிவர்பூல் நகரசபைக்குச் சுயேச்சையாய் நின்று ஜெயித்து, அச்சபையின் முதல் பெண் அங்கத்தினரானார். 1929-ல் பார்லிமெண்டுக்கும் சுயேச்சையாகவே சென்று, 1946 ஜனவரியில் இறக்கும் வரை அங்கே இருந்தார்.

லிவர்பூல் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் கூலியாட்களுக்கு அக்காலத்தில் நிலையான வேலை கிடையாது. அரை நாளைக்கொரு தரம் ஆளெடுப்பார்கள். அகப்பட்டவனுக்கு வேலை, அகப்படாதவனுக்குப் பட்டினி. அம்மையார் மேடையேறிப் பரிதாபப் பேச்சுப் பேசுவதற்கு முன்பாக, இந்தக் கூலியாட்களின் நிலைமையை விசாரித்து 1903-லேயே ஓர் அறிக்கை எழுதினார். பிறகு அவர்களுடைய வீட்டு வரவு செலவையும், 1913-ல் விதவைகள் பிச்சைச் சட்டத்தின் கீழ்ப் படும் பாட்டையும் விசாரித்து எழுதினார். 1914-ல் யுத்தம் மூண்டபோது, பட்டாளத்துக்குப் போனவர்களின் மனைவிமாருக்குச் சர்க்கார் பணம் நேராகக் கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் அதிகமானால் தொகையும் அதிகம். லிவர்பூலில் இக்காரியத்தை நடத்துவதில் முன்னின்ற அம்மையார், பணம் தாயின் கைக்கு நேராக வந்தால் வீடு எப்படியிருக்கும் என்பதைக் கண்ணாரக் கண்டார்.

அந்த உள்ளூர் அனுபவத்திலிருந்துதான் அவரது தேசியக் கொள்கை பிறந்தது. தனியாளுக்கும் ஒரே கூலி, ஆறு பிள்ளைக்காரனுக்கும் ஒரே கூலி என்றால், அந்த ஆறு பிள்ளைகளுக்குச் சோறு எங்கிருந்து வரும்? பிள்ளை வளர்ப்பது ஒரு வேலையல்லவா? அந்த வேலையைச் செய்கின்ற பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு காசு வேண்டாமா? இதையே 1924-ல் ஒரு புஸ்தகமாக எழுதி, பிள்ளைகளுக்காகச் சர்க்கார் வாரப்படி கொடுக்க வேண்டுமென்றார். பணக்காரர்கள் சோம்பேறித்தனம் வளரும் என்றார்கள். தொழிற்சங்கத்தாரில் பலர் இதைச் சாக்கிட்டு முதலாளி கூலியைக் குறைத்துவிடுவான் என்று பயந்தார்கள். ஆக, இரண்டு பக்கத்திலும் ஆதரவில்லை. அம்மையார் விடவில்லை.

கடைசியாக 1945-ல் மசோதா வந்தது. முதல் பிள்ளையை விட்டு, அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். 1942-ல் பெவரிட்ஜ் தமது அறிக்கையில் சொன்னதோ 8 ஷில்லிங். அதையாவது யாரிடம் கொடுப்பதென்று எழுதினார்கள் தெரியுமா? தகப்பனிடம்! பெற்று வளர்ப்பவள் ஒருத்தி, பணம் வாங்குகிறவன் ஒருவன். இருபது வருஷத்துக்கு மேல் பாடுபட்ட அம்மையார், இப்படியானால் என் மசோதாவுக்கு நானே எதிராக ஓட்டுக் கொடுப்பேன் என்று நின்றுவிட்டார். மந்திரிகள் இறங்கி வந்து, அங்கத்தினர்கள் இஷ்டப்படி ஓட்டுச் செய்யலாமென்று விட்டார்கள். பணம் தாய்க்கே என்று முடிவாயிற்று. 1946 ஆகஸ்டில் முதல் வாரப்படி கொடுக்கப்பட்டபோது அம்மையார் உயிருடனில்லை. கட்சியின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவராயிருந்தால், கிடைத்தது போதுமென்று அன்று கை தூக்கியிருக்கக் கூடும். சுயேச்சையினால் பிரயோஜனமுண்டு என்று நாம் ஒப்புக் கொள்ளுவது இம்மாதிரி இடத்தில்தான்.

நிற்க, இந்தச் சுயேச்சை எதன் மேல் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். அம்மையார் பணக்கார வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாரும் பார்லிமெண்டு அங்கத்தினர். 1922-ல் லிவர்பூலின் கிழக்கு டாக்ஸ்டெத் தொகுதியில் சாதாரண ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டபோது அம்மையார் தோற்றார். பிறகு ஜெயித்த ஸ்தானம் பட்டதாரிகள் மட்டும் ஓட்டளிக்கும் சர்வகலாசாலைத் தொகுதி. படித்தவனுக்கு இரண்டு ஓட்டு, பாட்டாளிக்கு ஒரு ஓட்டு என்ற அந்த அநியாயத்தை 1948-ம் வருஷச் சட்டம் ஒழித்தது. ஆகவே ஏழைத் தாய்மார்களுக்காக உழைத்த ஒருவர், அந்தத் தாய்மார்களுக்கு ஓட்டில்லாத தொகுதியின் பிரதிநிதியாக இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். 1927-ல் வெளியான மிஸ் மேயோவின் புஸ்தகத்தைப் படித்த பிறகு, அம்மையார் இந்தியப் பெண்களின் விஷயத்தில் தலையிட்டார். 1929-ல் நிறைவேறி 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்த சாரதா சட்டம், பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வைத்தது. ஆனால் போலீசார் தாமாக நடவடிக்கை எடுக்க முடியாது. நடந்துவிட்ட கல்யாணமும் செல்லும். இது காகிதச் சட்டமென்று அம்மையார் கண்டித்து, 1934-ல் குழந்தை மணத்தைப் பற்றித் தனிப் புஸ்தகமே எழுதினார். இதில் அவர் சொன்னது முழு உண்மை.

ஆனால் லிவர்பூலில் முதலில் விசாரித்துப் பிறகு பேசியவர், இந்தியாவைப் பற்றி முதலில் பேசிவிட்டு 1932-ல்தான் வந்து பார்த்தார். 1929-லேயே லண்டன் மகாநாட்டில் தன்வந்தி ராமராவ் அம்மையார் எழுந்து, எங்களுக்காகப் பேச உங்களை யார் நியமித்தது என்ற கருத்தில் ஆட்சேபித்தார். ஓட்டுரிமை விஷயத்தில், சொத்துக்காரனின் மனைவி என்ற முறையில் பெண்ணுக்கு ஓட்டு என்பதை ராத்போன் அம்மையார் ஆதரித்தார். இங்குள்ள மாதர் சங்கத் தலைவிகளோ, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டுமென்றார்கள். புருஷனை ஒட்டிவரும் உரிமை உரிமையா? தாய்க்குத் தனிக் காசு கேட்டவர், இந்தியப் பெண்ணுக்குப் புருஷன் பேரில் ஓட்டு போதுமென்றது என்ன நியாயம்? 1941-ல் யுத்தத்துக்கு உதவாத இந்தியர்களைக் கண்டித்து அவர் எழுதிய பகிரங்கக் கடிதத்துக்கு, மரணப் படுக்கையிலிருந்த ரவீந்திரநாத தாகூர் கடுமையாய்ப் பதில் கொடுத்தார். அபிசீனியாவுக்காகவும் ஸ்பெயினுக்காகவும் பாசிஸ்டுகளை எதிர்த்துத் தன் நாட்டு மந்திரிகளையே கண்டித்த தைரியசாலிக்கு, ஏகாதிபத்தியம் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்சிக் கயிறு இல்லாதவருக்கும் வேறொரு கயிறு இருக்கக் கூடும் என்பதே இதனால் விளங்குகின்றது.

ஆனால் இதைப் பிடித்துக் கொண்டு நம் வைதிகர்களும் தேசபக்தர்களும் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. "வெள்ளைக்காரி சொன்னாள்" என்பதனால் குழந்தைக்குத் தாலி கட்டுவது தர்மமாகிவிடுமா? அம்மையார் போய், வெள்ளைக்காரனும் போய், 1978-ல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வயதை உயர்த்தி, 2006-ல் புதுச் சட்டமும் செய்தாகிவிட்டது. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 100-க்கு 23 பேர் 18 வயது நிரம்புமுன் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்டவர்கள். இதற்கு எந்த வெள்ளைக்காரியைக் குறை சொல்லுவது?

ஆகவே தோழர்களே, சுயேச்சைக்காரர் ஓட்டுக் கேட்க வந்தால் கட்சி இல்லையே என்று மகிழ்ந்து மாலை போடாதீர்கள். எங்கள் தெருவில் எதை விசாரித்திருக்கின்றீர், விசாரித்ததற்காகச் சட்டசபையில் யாரை எதிர்ப்பீர், உமது செலவுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், நீர் யாருக்காகப் பேசுவதாகச் சொல்லுகிறீரோ அவர்கள் அதற்குச் சம்மதித்தார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கட்சிக்காரரிடமும் கேளுங்கள். எந்த ஊரிலாவது குழந்தைக் கல்யாணம் நடந்தால் அதைத் தடுக்க முன்வருவீரா, அல்லது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவீரா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.