வெட்டு, ஒட்டு, ஆட்டம்!

உங்க க்ளாஸ்லயும் கண்டிப்பா ரெண்டு கோஷ்டி இருக்கும். ராக் கேக்கறவனுக்கு டான்ஸ் மியூசிக்னா 'பட்டனைத் தட்டினா வர்ற சத்தம்'. டான்ஸ் பார்ட்டிக்கு ராக்னா நீள முடியும் காட்டுக் கூச்சலும். ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உட்கார வைக்க ஒரு ஆல்பம் இருக்கு: 'தி ஃபேட் ஆஃப் தி லேண்ட்'. 'தி ப்ராடிஜி' குழுவோட மூணாவது ஆல்பமான இது, இங்கிலாந்தில் 1997 ஜூன் 30 அன்னிக்கு வெளியாச்சு. பிரிட்டன், அமெரிக்கா ரெண்டு ஊர்லயும் நம்பர் ஒன்!

குழுவோட மூளை லியாம் ஹவ்லெட். எசெக்ஸ் பக்கம் பிரெய்ன்ட்ரீங்கற ஊர்க்காரர். அப்போ வயசு 25. அவரோட ஆயுதம் சாம்ப்ளர். யாரோட ரெக்கார்டுலேர்ந்தாவது ஒரு ட்ரம் அடியை, ஒரு கிடார் இழுப்பைச் சில நொடி மட்டும் வெட்டி எடுத்து, வேகத்தை மாத்தி, திரும்பத் திரும்ப ஓட விடற மெஷின். 'பிரீத்' பாட்டைக் கவனிச்சுக் கேளுங்க. 'சர்'ருனு வாள் வீசற சத்தம் வூ-டாங் கிளான்ங்கற அமெரிக்க ஹிப்ஹாப் குழுவோடது. ட்ரம்ஸ், தின் லிஸிங்கற ஐரிஷ் ராக் குழுவோடது. எங்கே ஒட்டியிருக்குனு தேடினா தையலே தெரியாது!

'அப்போ இது காப்பிதானே பாஸ்'னு கேக்கறீங்களா? 'ஃபயர்ஸ்டார்ட்டர்' பாட்டோட கிடார் துண்டு, தி ப்ரீடர்ஸ் குழுவோடது. 'ஹேய்'னு வர்ற குரல், ஆர்ட் ஆஃப் நாய்ஸ் குழுவோடது. அதனால அந்தப் பாட்டை எழுதினவங்க லிஸ்ட்ல மொத்தம் எட்டுப் பேர். எடுத்ததுக்குப் பேர் போட்டுட்டார். காப்பியடிக்கிறவன் அதைச் செய்யமாட்டான்.

அதே பாட்டுலதான் கீத் ஃப்ளின்ட் முதன்முதலா மைக்கைப் பிடிச்சார். அதுவரைக்கும் அவர் மேடையில ஆடறவர் மட்டும்தான். 1996-ல் வந்த வீடியோவைப் பாருங்க. லண்டன்ல கைவிடப்பட்ட ஒரு சுரங்க ரயில் பாதை, கறுப்பு வெள்ளை, ரெண்டு கொம்பு மாதிரி முடி, முழிச்ச கண்ணு. சின்னப் பசங்க பயப்படறாங்கனு டி.வி.க்குப் புகார் பறந்துச்சு. பாடத் தெரிஞ்ச ஒருத்தர் பாடியிருந்தா இந்தப் பாட்டு செத்திருக்கும்ங்கறது என் கட்சி. கீத் 2019 மார்ச் 4 அன்னிக்கு இறந்துட்டார். வயசு 49.

இப்போ நெருடல் மேட்டர். ஆல்பத்தோட முதல் பாட்டுத் தலைப்பை இங்கே எழுதமாட்டேன். பொண்ணை அடிக்கச் சொல்ற மாதிரி வரி. அமெரிக்கப் பெண்கள் அமைப்பு எதிர்த்துச்சு. வால்மார்ட் கடைகள் ஆல்பத்தையே எடுத்துடுச்சு. 1998 ரெடிங் இசை விழாவில் 'அதை வாசிக்காதீங்க'னு பீஸ்டி பாய்ஸ் குழு கேட்டும், இவங்க வாசிச்சாங்க. தீவிரமா ஒரு வேலையைச் செய்யறதைத்தான் அந்த வரி சொல்லுதுனு லியாம் தரப்பு விளக்கம். எனக்கு ஒட்டலை! இத்தனைக்கும் ஆல்பத்துலயே ரொம்ப அழகான குரல் அந்தப் பாட்டுலதான் இருக்கு. பாதியில தாளம் அடங்கி, ஒரு பெண் குரல் நம்ம ஊர் ஆலாபனை மாதிரி எழும்பும். பாடினவர் ஷாஹின் பதர். பிரிட்டிஷ் இந்தியப் பாடகி ஷீலா சந்திராவோட பாட்டை அடிப்படையா வெச்சுப் பாடினது. அந்த வரியைத் திட்டறவங்களுக்கும் ரசிக்கறவங்களுக்கும் இந்த ரெண்டு பேர் பேரும் தெரியறதில்லை. நீங்களாவது தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

புதுசா கேக்கறவங்க ரெண்டாவது பாட்டு 'பிரீத்'ல ஆரம்பிங்க. அப்புறம் நேரா ஏழாவது: 'நாராயண்'. குலா ஷேக்கர் குழுவோட கிரிஸ்பியன் மில்ஸ் பாடறார். ஆமா, நம்ம நாராயணனேதான். இங்கிலீஷுக்கு நடுவுல சமஸ்கிருத ஜபம். ஒன்பது நிமிஷம் ஓடும். நாலாவது நிமிஷத்துல ஃபார்வர்டு பண்ணிடாதீங்க, ப்ளீஸ்!