கசெட்டுகளை எறிந்துவிடாதீர்கள்

1989 நவம்பர் 5 அன்று மேற்கு லண்டனில் சன்ரைஸ் ரேடியோ ஒலிக்கத் தொடங்கியது. சவுத்தாலில் எங்கள் சமையலறை ஜன்னலோரம் ரேடியோவை வைத்துக் குமிழை மெல்லத் திருகுவேன். மத்திய அலையின் இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் இந்திக் குரல் தெளிந்து வரும். இந்தி முழுதாகப் புரியாது. ஆனாலும் வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருக்கும். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். அறிவிப்பாளர் என்றால் எங்களுக்கு உறவுக்காரர் மாதிரி.

1997இல் ஐ.பி.சி. வானொலி வந்தது. லண்டனிலிருந்தே தமிழ்க் குரல்!

அன்று வானொலியிலிருந்து நாம் பதிந்த கசெட்டுகள் அலமாரிகளில் பூஞ்சணம் பிடிக்கின்றன. அவை நம் குடிபெயர்வின் வரலாறு. நாடா அறுந்துபோகுமுன் கணினியில் ஏற்றி வையுங்கள்; பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.