போர்க்களமும் தாயத்தும்

போர்வீரரிடையே தாயத்து, மந்திரக் கயிறு, ஆகாத எண் முதலியவற்றில் நம்பிக்கை மிகுந்திருத்தல் பல நாடுகளிலும் காணப்படுவதாகும். இதனைக் கல்லாமையின் விளைவென்று நகைப்பது எளிது. ஆயினும் அது போதிய விளக்கமன்று.

1915-க்கும் 1918-க்கும் இடையே பசிபிக் கடலிலுள்ள டிரோபிரியாண்டு தீவுகளில் ஆராய்ச்சி நடத்திய மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலறிஞர், அமைதியான காயலில் மீன் பிடிப்போர் மந்திரத்தை நாடவில்லை என்றும், ஆபத்து மிகுந்த ஆழ்கடலிற் செல்வோரே அதனை நாடினர் என்றும் கண்டார். போர்க்களமும் அத்தகைய ஆழ்கடலே. அடுத்த குண்டு எங்கே விழுமென்பதை வீரனால் அறியவும் இயலாது, தடுக்கவும் இயலாது. காரணம் புலப்படாதபோது மனம் தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக் கொள்கிறது.

இந்நம்பிக்கை வேரூன்றும் முறையும் நோக்கத்தக்கது. தாயத்தணிந்து உயிருடன் மீண்டவன் அதன் பெருமையை ஊரறியச் சொல்கிறான். அணிந்தும் மாண்டவன் வந்து சாட்சி கூறுவதில்லை. 1965-ஆம் ஆண்டுப் போரில் இராஜஸ்தானத்துத் தனோட் மாதா கோயிலருகே வீழ்ந்த குண்டுகள் வெடிக்காமற் போனது தேவியின் அருள் என்று வீரர்கள் போற்றுகின்றனர். மோதும் அதிர்ச்சியால் வெடிக்கவேண்டிய குண்டு, மென்மையான மணலில் அவ்வதிர்ச்சி போதாமல் வெடிக்காதிருத்தலும் உண்டு.

வழிபாடு அஞ்சும் மனத்திற்கு ஆறுதல் தருமாயின் அதனைப் பழிப்பதிற் பயனில்லை. அது காப்புக்கு மாற்றாகும்போதே தீங்கு விளைகிறது. 1905-இல் இன்றைய தான்சானியாவில் ஜெர்மானியர் ஆட்சிக்கெதிராக எழுந்த மாஜி மாஜி கிளர்ச்சியில், மந்திரித்த நீர் தோட்டாக்களை வெறும் நீராக்கிவிடும் என நம்பி இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்கொண்டோர் பெருந்தொகையினராய் மடிந்தனர். முதல் உலகப் போரிலோ, துணித்தொப்பியால் பயனில்லை எனக் கண்ட படைகள் 1915 முதல் எஃகுத் தலைக்கவசம் அணியலாயின. தவறியதைக் கண்டு திருத்திக் கொள்வது அறிவியல். தவறியதைக் கணக்கில் கொள்ளாதது மூடநம்பிக்கை.

ஆகவே, கிராமத்திலோ பள்ளியிலோ இதுபற்றிப் பேசுவோர், நம்புகின்றவரை இகழாமல், எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை ஊட்டுதல் வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் அமைந்துள்ள பெங்களூரில், ஸ்ரீராம்புரம் பகுதியின் ஆசிரியர் ஒருவர் இதனை நாணயங்களைக் கொண்டே விளக்கலாம். மாணவர் 32 பேர், தத்தமக்கு விருப்பமான பொருளொன்றைப் பையில் வைத்துக்கொண்டு நாணயம் சுண்டட்டும். பூ விழுந்தவர் அமரட்டும். நான்கு சுற்றுகளுக்குப் பின் சராசரியாக இருவர் எஞ்சுவர். அவர்தம் பையிலிருப்பது எதுவாயினும் அதுவே தாயத்தாகத் தோன்றும். அமர்ந்துவிட்ட முப்பதின்மரின் பைகளையும் திறந்து பார்க்கச் செய்வதே அறிவியற் கல்வியாகும்.