கொடி நாள் காசு எங்கே போகிறது?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் ஒரு பட்டாளத்துக்காரரின் சமாதி இருக்கிறது. அவர் வெள்ளைக்காரர். பெயர் மேஜர் சாட்விக். முதல் உலக யுத்தத்தில் பணிபுரிந்தவர். 1935-ல் ரமணரைத் தேடி வந்தார். வந்தவர் இங்கேயே குடிசை போட்டுத் தங்கிவிட்டார். 1962-ல் காலமானார்.

யுத்தம் முடிந்தபின் சாட்விக்குக்கு ஒரு மலை கிடைத்தது. ஓர் ஆசிரமம் கிடைத்தது. அதே யுத்தத்துக்குப் போன நம் ஊர்ச் சிப்பாய்களுக்கு என்ன கிடைத்தது?

பழைய வட ஆற்காடு ஜில்லா பட்டாளத்துக்குப் பேர்போன சீமை. 1989 வரை திருவண்ணாமலையும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914-ல் தொடங்கிய யுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. இறந்தவர்களுக்குக் கல் நட்டார்கள். திரும்பி வந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

பூவரசம் பூ செய்த கலகம்

அந்தக் காலத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 11-ந் தேதி 'பாப்பி தினம்' கொண்டாடுவார்கள். சிவப்புக் காகிதப் பூவை விற்றுப் பணம் திரட்டுவார்கள். சிப்பாய்களுக்கு உதவத்தான் அந்தப் பணம். ஆனால் எந்த ஊர்ச் சிப்பாய்க்கு?

இந்தக் கேள்வியை இலங்கையில் ஒருவர் துணிந்து கேட்டார். ஏலியன் பெரேரா என்பது அவர் பெயர். நம் நாட்டில் திரட்டும் பணத்தில் பெரும் பகுதி இங்கிலாந்துக்குப் போகிறதே, உள்ளூர்ச் சிப்பாய் பட்டினி கிடக்கிறானே என்றார். 1931-ல் பாப்பிப் பூவுக்குப் போட்டியாக வேறு பூவை விற்க ஏற்பாடு செய்தார். அது என்ன பூ தெரியுமா? நம் தெருவோரத்துப் பூவரசம் பூ! சிங்களத்தில் அதற்குச் 'சூரிய மல்' என்று பெயர். பிறகு இளைஞர்கள் அந்த இயக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். 1934-35-ல் மலேரியா பரவியபோது அதே தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போய் மருந்தும் உணவும் கொடுத்தார்கள். பூ விற்றதோடு அவர்கள் வேலை முடிந்துவிடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியா சுதந்திரம் அடைந்ததும் நமக்கென்று ஒரு நாள் வந்தது. 1949 முதல் டிசம்பர் 7 கொடி நாள். சின்னக் கொடியில் மூன்று நிறம். சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கப்பற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு.

கார்த்திகை மாதத்தில்தான் இந்த நாள் வருகிறது. அப்போது ரமணாசிரமத்து வாசலில் செங்கம் சாலை முழுவதும் ஜனத்திரள். தீபம் பார்க்கவும் மலை சுற்றவும் லட்சக்கணக்கில் வருகிறார்கள். காணிக்கை போடக் கை தயங்குவதில்லை. கொடி நாள் உண்டியல் பள்ளிக்கூடத்திலும் சர்க்கார் அலுவலகத்திலும் சுற்றுகிறது. அதில் காசு போடும் பிள்ளைக்கு அந்தக் காசு எங்கே போகிறது என்று பெரும்பாலும் தெரியாது. சொல்லிக் கொடுப்பாரும் குறைவு. வசூல் இலக்கு எட்டியதா என்பதே பெரிய பேச்சாகிவிடுகிறது.

எங்கே போகிறது?

பட்டாளத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பென்ஷன் வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. பதினைந்து வருஷம் முடிக்காமல் வெளியே வந்த சிப்பாய்க்குப் பொதுவாகப் பென்ஷன் கிடையாது. வயதாகிவிட்டால் அவர் பாடு திண்டாட்டம். அவர் போய்விட்டால் மனைவி பாடு அதைவிடத் திண்டாட்டம்.

இவர்களுக்குத்தான் கொடி நாள் நிதி கை கொடுக்கிறது. 65 வயதைத் தாண்டியவர், பென்ஷன் இல்லாதவர், ஹவில்தார் பதவி வரை இருந்தவர், அல்லது அவருடைய விதவை மனு போடலாம். முன்பு மாதம் 4,000 ரூபாய் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் அதை 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவித்தார்கள். பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய், இரண்டு பிள்ளைகள் வரை. மகள் கல்யாணத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். உண்டியலில் விழுந்த பத்து ரூபாய் ஒரு கிழவியின் அடுப்பை எரிய வைக்கிறது என்றால் அது வெறும் பேச்சு அல்ல.

ஆனால் அந்தக் கிழவிக்கு இது தெரிய வேண்டுமே! மனுவைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் சிபாரிசு வேண்டும். கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், பாங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் அங்கேதான் சிக்கல். ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றொன்றில் அப்பா பெயர் பின்னால். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கும் தொல்லை உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். தவறினால் பணம் நின்றுபோகும்.

இங்கேதான் தொண்டர் தேவை. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் நடக்கிறது. ஒரு மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் கிராமத்தில் முகாம் உண்டு. கோயில் குளம் சுத்தம் செய்கிறார்கள், மரம் நடுகிறார்கள். நல்லதுதான். அந்த ஏழு நாளில் ஒரு நாள், ஊரில் பட்டாளத்துக்குப் போனவர் வீடு எது என்று கேட்டுப் போனால் என்ன? ஒரு மனுவை எழுதிக் கொடுக்க எத்தனை மணி நேரம் ஆகிவிடும்? எழுதும்போதே மாணவருக்கும் பாடம் நடக்கிறது. 1965-ல் என்ன யுத்தம், 1971-ல் என்ன யுத்தம் என்று புத்தகத்தில் படிப்பதைப் போனவர் வாயாலேயே கேட்கலாம். சர்க்கார் அலுவலகம் எப்படி நடக்கிறது, எந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் தேட வேண்டியது அந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை. பெரும்பாலும் அது பழைய டிரங்குப் பெட்டியின் அடியில், மெடல்களோடு ஒரு துணியில் சுற்றிக் கிடக்கும்.