இயந்திரத்தின் முழக்கோல்

சென்ற டிசம்பரில் நான் ஒரு தவறு செய்தேன். ஒரு சிறு பெண்ணுக்கு அநியாயம் செய்த தீர்ப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது. பாவமன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதே தீர்ப்பை நம் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ பெரிய மனிதர்கள் வருஷா வருஷம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

திருத்தணி வட்டாரத்தில் அம்மையார்குப்பம் என்று ஓர் ஊர். நெசவாளர் ஊர். தெருவில் நுழையும்போதே தறிச் சத்தம் நம்மை வரவேற்கும். அதன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், ‘கையால் செய்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை, காகிதப் பரிசுப் பெட்டி’ என்று ஒரு போட்டி வைத்து, மூன்று நடுவர்களில் ஒருவனாக என்னை அழைத்திருந்தார்கள். கதை எழுதுகிறவனுக்குக் காகிதத்தைப் பற்றித் தெரியும் என்று எண்ணினார்கள் போலும்!

மேஜை நிறைய அட்டைகள். கண்ணைப் பறித்தன. ஜிகினாப் பொடி, பிளாஸ்டிக் மணி, ரப்பர் நுரையில் வெட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா, அச்சிட்டு வந்த ஆங்கில வாசகம். சற்று நேரம் பார்த்தபின் ஒரு விஷயம் உறைத்தது. ஐந்தாறு தாத்தாக்களுக்கு ஒரே முகம், ஒரே சிரிப்பு. விசாரித்தேன். கடையில் பெட்டியாகவே விற்கிறார்களாம். பின்புறத் தாளை உரித்து, கோடு போட்ட இடத்தில் ஒட்டினால் ‘கைவேலை’ தயார். பரிசுப் பெட்டிகளின் கதையும் அதுதான். பளபளக்கும் தாள் சுற்றிய அட்டைப் பெட்டியை வாங்கி, மேலே வாங்கிய ரிப்பனை வாங்கிய பசையால் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியதும் அம்மாக்கள்தான் என்பதைக் கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

இவற்றுக்கு நடுவே அழுக்குப் பழுப்பாய் ஓர் அட்டை கிடந்தது. நீள நீளமான துண்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, கஞ்சிப் பசையால் ஒட்டியிருந்தது. துண்டு முழுதும் துளைகள். ஓரத்தில் பசை கசிந்து காய்ந்திருந்தது. பாவு முடிந்தபின் தறியில் மிஞ்சும் நூலால் ஒரு பக்கம் தைத்திருந்தது. ‘இது என்னம்மா?’ என்று கேட்டேன்.

‘எங்கப்பா தறியில போட்டிருந்த அட்டை சார். டிசைன் மாத்திட்டாங்க. இது பழசு. வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க சார்.’

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வேண்டாத துளைகளை உள்ளே தாள் ஒட்டி அடைத்துவிட்டு, வேண்டிய துளைகளை மட்டும் விட்டிருந்தாள். வெளிச்சம் அந்தத் துளைகள் வழியே வந்தபோது நட்சத்திரம் தெரிந்தது.

ஜக்கார்டு தறியைப் பார்த்தவர்களுக்கு அந்த அட்டையின் மகிமை தெரியும். பிரான்சு தேசத்தில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் உருவாக்கிக் காட்டிய ஏற்பாடு அது. துளையிட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தறியின் மேலே மாட்டுகிறார்கள். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும்பும். இல்லாத இடத்தில் எழும்பாது. ஊடு இழை ஒரு முறை ஓட ஓர் அட்டை. அப்படியானால் அந்தப் பெண் ஒட்டிய ஒவ்வொரு துண்டிலும், யாரோ ஒருத்தி கட்டிக் கிழித்த சேலைக் கரையின் ஒவ்வோர் இழை எழுதியிருக்கிறது! தகப்பனின் தறியிலிருந்து பெத்லகேம் நட்சத்திரத்தைப் பறித்துக் கொண்டுவந்திருக்கிறாள் அந்தப் பெண்.

அவளுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை.

காரணம் எங்கள் கையில் கொடுத்திருந்த மதிப்பெண் தாள். சுத்தம், வண்ணம், முழுமை என்று மூன்று கட்டங்கள். பசை கசிந்தால் சுத்தத்தில் அடி. பழுப்பு நிறமானால் வண்ணத்தில் அடி. ஓரம் கோணினால் முழுமையில் அடி. கணக்குத் தப்பவில்லை. கூட்டிப் போட்டு, நானும் கையெழுத்திட்டேன். வீடு திரும்பும் பஸ்ஸில்தான் எனக்குப் புத்தி வந்தது.

அந்த மூன்று கட்டங்களும் யாருடைய குணங்கள்? இயந்திரத்தின் குணங்கள் அல்லவா? கோணாமல் வெட்டுவது, சிந்தாமல் ஒட்டுவது, நூறையும் ஒன்றுபோல் செய்வது எல்லாம் இயந்திரத்துக்குக் கைவந்த கலை. கைவேலைக்கென்று போட்டி வைத்துவிட்டு, இயந்திரத்தின் முழக்கோலால் அளந்தால் கை எப்படி ஜெயிக்கும்?

அம்மையார்குப்பத்துக் கிழவர் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார். கைத்தறித் துணியை விசைத்தறித் துணியோடு சேர்த்து வைத்து, ‘இதில் பிசிறு இருக்கிறதே, விலையும் அதிகமாக இருக்கிறதே’ என்று கேட்ட நாளிலேயே கைத்தறி தோற்றுவிட்டது. 1985-இல் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. சட்டம் ரகத்தை ஒதுக்கலாம். வாங்குகிறவன் கையிலிருக்கும் முழக்கோலை மாற்ற அதனால் முடியுமா? அதைப் பள்ளிக்கூடத்தில்தான் மாற்ற வேண்டும். நாமோ அங்கேதான் அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறோம்.

‘கிறிஸ்துமஸ் அட்டையே அச்சு யந்திரத்தின் குழந்தைதானே?’ என்று படித்தவர் ஒருவர் கேட்கலாம். வாஸ்தவம். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாமல், ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் படம் போடச் சொல்லி ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார்; ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்பனைக்கும் வந்தது. ஆனால் அந்த அச்சுக்கும் வர்ணம் தீட்டியது மனிதக் கைதான். இன்றைய நமக்கு அந்தச் சிரமமும் இல்லை; யாரோ அனுப்பிய வாட்ஸப் படத்தை விரலால் தள்ளிவிட்டு வாழ்த்திவிட்டதாக நினைக்கிறோம். இருக்கட்டும். அவசரக்காரர்கள் அச்சிட்டதையே அனுப்பட்டும். அதற்குக் கைவேலை என்று பெயர் சூட்டிப் பரிசும் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

இன்னொருவர் கேட்பார்: ‘அந்தப் பெண்ணுக்குக் கடைப் பெட்டி வாங்கக் காசில்லை. வறுமையை அழகு என்று பாடுகிறீரா?’ நியாயமான கேள்வி. வறுமையை நான் பாடவில்லை. அவள் வீட்டுக்குக் காசு வரட்டும், நிறைய வரட்டும். காசு வந்த பிறகும் அவள் கை அதைச் செய்யத் துணியுமா என்பதுதான் என் கவலை. இன்றைக்கு அவள் கற்றுக்கொண்ட பாடம், ‘அடுத்த தடவை கடையில் வாங்கிவிடு’ என்பதுதானே?

தஞ்சாவூரில் 1892-இல் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பாவை இந்த இடத்தில் நினைக்கிறேன். காந்தியோடு சேர்ந்து வார்தாவில் கிராமக் கைத்தொழில்களுக்காக உழைத்தவர். அந்தத் தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. ஜெய்ப்பூருக்கு அருகே சாங்கானேரில் உள்ள கைக்காகித ஆராய்ச்சி நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் காகிதம் எதிலிருந்து பிறக்கிறது? துணிக் கழிவிலிருந்து. பஞ்சுத் துணியை நறுக்கி, ஊறவைத்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளினால் காகிதம். பிறந்த வழியைப் பார்த்தால் நெசவாளியின் மகளுக்குக் காகிதம் ஒன்றுவிட்ட தம்பி முறை ஆகிறது! அவளை விட்டுவிட்டு ஜிகினாவுக்கு மாலை போட்டோமே!

அந்த ஜிகினாப் பொடியும் சாமானியமல்ல. பெரும்பாலும் அது பிளாஸ்டிக் தூள். ஐரோப்பிய யூனியன் 2023 அக்டோபரிலிருந்து உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினா விற்பனையையே கட்டுப்படுத்திவிட்டது. பரிசு சுற்றும் தாளைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். காகிதம் கசங்கியபடியே கிடக்கும். பிளாஸ்டிக் பூசியது விரிந்துகொண்டு எழும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் என்ன செலவு?

அதே திருத்தணியில் டிசம்பர் 31 இரவு படித் திருவிழா நடக்கிறது. புத்தாண்டு பிறந்ததும் வெள்ளைக்காரத் துரைகளுக்கு மாலையும் பழமும் கொண்டுபோய் வாழ்த்துச் சொன்ன நம்மவர்களைத் திருப்பி, முதலில் முருகனிடம் போங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஏற்படுத்தியது. 365 படிகளிலும் பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். யாராவது மூச்சு வாங்கினார்கள், சுருதி தப்பினார்கள் என்று மதிப்பெண் குறைப்பதுண்டா? மூச்சு வாங்க ஏறியதுதானே வாழ்த்து!

அந்தப் பள்ளிக்கூடத்தார் இந்த வருஷமும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறேன் என்று எழுதிவிட்டேன். கூடவே சில நிபந்தனைகள். கடைப் பெட்டி கூடாது. காகிதமும் பசையும் தவிர வாங்கிய சாமான் எதுவும் கூடாது. மேஜைக்கு அந்தப் பக்கம் குழந்தை நிற்க வேண்டும். எப்படிச் செய்தாய் என்று கேட்போம், அந்தப் பதிலுக்குப் பாதி மதிப்பெண். பசை கசிந்தால் குறைப்பதற்கு இடமில்லை.

இதற்கு இன்னும் பதில் வரவில்லை. சம்மதம் இல்லையென்றால் வேறு நடுவரைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒரே தவறில் இரண்டாம் தடவை கையெழுத்துப் போட என்னால் ஆகாது.