குறிச்சொல் இடுவதும் ஆய்வின் பகுதியே

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கடைசி நாளில், படிவத்தில் எஞ்சியிருக்கும் கட்டத்தை நிரப்புவதற்காகவே இங்குப் பலரும் குறிச்சொற்களைத் தேடுகின்றனர். வகைப்படுத்துதல் எழுத்தர் வேலை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில், அது அறிவுலகில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதைத் தீர்மானிக்கும் செயல்.

1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைப் பாருங்கள். சமயத்திற்கு 200 முதலான எண்கள். அவற்றுள் 220 முதல் 280 வரையிலான பிரிவுகள் கிறித்தவத்திற்கு. உலகின் ஏனைய சமயங்கள் அனைத்தும் 290க்குள் அடங்கவேண்டும். ஆங்கில இலக்கியத்திற்கு 820. தமிழ் இலக்கியத்திற்கோ 894.811. விளிம்பில் நிறுத்தப்பட்டவர் யார் என்பதை எண்ணின் நீளமே சொல்லிவிடுகிறது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை வேறு வழியில் சிந்தித்தது. வங்காளத்தில் 1940களில் நெற்பயிர் நோய்த் தடுப்பு பற்றிய நூலை ஆயத்த அறை ஒன்றுக்குள் தள்ளாமல், பயிர், நோய், தடுப்பு, இடம், காலம் எனக் கூறுகளாகப் பிரித்து மீண்டும் இணைத்தது. இன்றைய குறிச்சொற்களின் முன்னோடி என்றே இதனைக் கருதலாம்.

ஆயினும், கட்டற்ற குறிச்சொற்கள் மட்டும் போதா. ஒருவர் ‘பம்பாய்’ என்பார். மற்றொருவர் ‘மும்பை’ என்பார். இரண்டையும் இணைக்கும் குறிப்பு இல்லையெனில் ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது கிட்டாது. ‘ஹரிஜன்’, ‘தலித்’ ஆகியவற்றின் சிக்கல் இன்னும் ஆழமானது. முன்னது பிறர் சூட்டிய பெயர்; பின்னது மக்கள் தாமே ஏற்ற பெயர். தலைப்புச் சொல்லாகப் பின்னதே நிற்கவேண்டும். முன்னதைத் தேடி வருபவரையும் அங்கே கொண்டுசேர்க்கும் இணைப்பு இருக்கவேண்டும். பழைய சொல்லை அழித்துவிட்டால் வரலாறும் மறைந்துபோகும்.

முழு உரைத் தேடல் வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். படமாக மட்டுமே வருடப்பட்ட பக்கத்தில் தேடல் எதையும் காணாது. தீண்டாமை என்னும் சொல்லே இடம்பெறாமல் தீண்டாமையை விவரிக்கும் தன்வரலாற்றையும் அது தவறவிட்டுவிடும்.

ஆகவே, துறைதோறும் இந்திய மொழிகளில் கலைச்சொற் பட்டியல் வேண்டும்; அதனை நூலகரும் ஆய்வாளரும் சேர்ந்து உருவாக்கவேண்டும். நெறியாளர்கள் முடிவுரையைத் திருத்தும் அதே கவனத்தோடு குறிச்சொற்களையும் திருத்தவேண்டும். தேடுபவரின் கைக்கு எட்டாத ஆய்வு, எழுதப்படாத ஆய்வுக்கு ஒப்பானதே.