அமரரும் வீரரும்

இலியட் காவியத்தை முதன்முறையாகக் கையிலெடுக்கும் நம் வாசகர்களில் பலர், ஏழெட்டுச் சர்க்கங்களைக் கடப்பதற்குள்ளாகவே ஒரு சலிப்புக்கு ஆளாகி, எறிந்த ஈட்டியைத் தேவர்கள் திசைதிருப்புவதும், தோற்கப்போகிறவனை மூடுபனியால் மறைத்துத் தூக்கிச் செல்வதும், ஒருவன் நெஞ்சில் தைரியத்தை நிரப்பி மற்றொருவன் கைகால்களைச் சோர்வுறச் செய்வதுமாக நடக்கிற ஒரு யுத்தத்தில் மனிதனுடைய பராக்கிரமத்துக்கு என்னதான் மதிப்பு என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அந்தத் தேவர்களைக் காவிய அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டு மேலே படியுங்கள் என்று சமாதானம் சொல்லும் விமர்சகர்களும் இருக்கிறார்கள். எமக்கு அந்தச் சமாதானத்தில் உடன்பாடு இல்லை. தேவர்களை நீக்கிவிட்டால் ஹோமரிடத்தில் மிஞ்சுவது ஒரு முற்றுகையில் மாண்டவர்களின் ஜாபிதா ஒன்றுதான்.

வாசகரின் ஐயத்துக்கு மிகுதியும் இடங்கொடுக்கிற பகுதியையே எடுத்துக்கொள்வோம். 22-ஆம் சர்க்கத்தில், டிராய் நகரத்து மதிலைச் சுற்றி அக்கிலீஸ் துரத்த ஹெக்டர் மும்முறை ஓடுகிறான். ஓடினான் என்பதைக் கவி ஒளிக்கவில்லை. நான்காம் முறை ஊற்றுக்கண்களின் அருகே அவர்கள் வரும்போது ஜீயஸ் பொற்றராசைத் தூக்கிப் பிடிக்க, ஹெக்டரின் தட்டுத் தாழ்கிறது. அதுகாறும் அவனுக்குத் துணைநின்ற அப்பல்லோ அக்கணமே அவனைவிட்டு அகன்றுபோகிறான். அதன்பின் வருகிறவள் அதீனா. ஹெக்டரின் தம்பி டெய்ஃபோபஸின் வடிவத்தை எடுத்துக்கொண்டு அருகில் வந்து நின்று, அண்ணா, இருவருமாக எதிர்த்து நிற்போம் என்கிறாள். மதிலுக்கு வெளியே தனக்காக வர ஒருவனுக்கேனும் துணிவு இருந்ததே என்று நெகிழ்ந்துபோன ஹெக்டர் நின்றுவிடுகிறான். அக்கிலீஸ் எறிந்த ஈட்டி குறிதவறி மண்ணில் தைக்க, ஹெக்டர் அறியாதபடி அதைப் பிடுங்கித் திரும்பவும் அக்கிலீஸின் கையில் கொடுத்துவிடுகிறாள் தேவி. ஹெக்டர் எறிந்ததோ கேடயத்தின் நடுவில் பட்டுத் தெறித்து விழுகிறது. இன்னொரு ஈட்டி கொடு என்று தம்பியைக் கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். அங்கே யாரும் இல்லை.

தர்மயுத்தம் என்ற அளவுகோலை இங்கே நீட்டினால் இது பச்சைத் துரோகம். ஆனால் அந்தத் துரோகம் இன்னதென்று விளங்கிய அதே கணத்தில் ஹெக்டர் செய்வதைக் கவனிக்க வேண்டும். அதீனா தன்னை வஞ்சித்துவிட்டாள், முன்பு விரும்பிக் காத்தவர்கள் இனிக் காக்கப்போவதில்லை, சாவு அருகில் வந்துவிட்டது என்று தெளிந்த அவன், போராடாமல் மடிவதில்லை என்றும், பின்வரும் தலைமுறைகள் கேட்டறியும்படியான ஒரு காரியத்தைச் செய்தே விழுவதென்றும் தனக்குள் முடிவுசெய்து, வாளை உருவிக்கொண்டு கழுகைப்போல் பாய்கிறான். மதிலைச் சுற்றி ஓடினவன் இவனேதான். இவனை வீரனாக்கியது அதீனா தந்த பொய்த்துணை அன்று. அந்தத் துணை கலைந்துபோன வெறுமை. வென்றவன் அக்கிலீஸ் என்பது மெய்யே. எனினும் அந்த வெற்றியில் தேவியின் கையும் கலந்திருப்பதை ஹோமர் நம் கண்ணெதிரே காட்டிவிட்டதால், ஹெக்டரின் தோல்வியில் மட்டுந்தான் ஒரு மனிதன் தனியாக நிற்கிறான்.

தெய்வம் தூண்டியது என்பதால் மனிதன் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுவதும் இல்லை. 19-ஆம் சர்க்கத்தில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் சபைநடுவே, அக்கிலீஸுக்குப் போர்ப்பரிசாகக் கிடைத்திருந்த பெண்ணை அவனிடமிருந்து பறித்தது தன் குற்றமல்ல, ஜீயஸும் விதியும் இருளில் நடக்கும் எரினிஸ் தேவதையும் தன் புத்தியை மயக்கிவிட்டார்கள் என்று வாதிக்கிறான். ஆனால் அதே மூச்சில், நஷ்டஈடாக எண்ணற்ற பொருள்களைத் தரச் சித்தமாயிருப்பதாகவும் சொல்கிறான். கிரேக்க மனத்தில் பகுத்தறிவுக்கு அடங்காதவற்றை ஆராய்ந்து ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் ஈ. ஆர். டாட்ஸ் 1951-ல் வெளியிட்ட நூல் இந்தப் பேச்சிலிருந்தே தொடங்குகிறது. ஒரு செயலுக்குத் தெய்வமும் காரணம், செய்தவனும் முழுக்காரணம் என்று ஒருசேரக் கருதுவதில் ஹோமரின் மாந்தர்க்கு யாதொரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி, அந்தத் தேவர்கள்தாம் எப்படிப்பட்டவர்கள்? 5-ஆம் சர்க்கத்தில் டயோமிடீஸின் தேரில் அதீனா தானே ஏறி அமர்கிறாள். ஒரு பயங்கரமான தேவியையும் ஒரு சிறந்த வீரனையும் ஒருங்கே தாங்கமாட்டாமல் அச்சு முனகுகிறதாம். கடவுளுக்கும் எடை உண்டு என்று ஒரு மரத்துண்டின் ஓசையால் உணர்த்திவிடுகிற இந்தச் சாதுரியத்துக்காகவே ஹோமரை எத்தனை முறையும் படிக்கலாம். அந்தச் சர்க்கத்திலேயே மணிக்கட்டில் காயம்பட்ட அப்ரோடைட் கதறிக்கொண்டு ஒலிம்பஸுக்கு ஓடித் தாயின் மடியில் விழுகிறாள். வயிற்றில் குத்துண்ட ஆரீஸ் பதினாயிரம் பேர் ஒன்றாய் முழங்கினாற்போல் அலறிவிட்டுத் தந்தையிடம் முறையிடப் போகிறான். இருவருக்கும் சில நாழிகையில் குணமாகிவிடுகிறது. 21-ஆம் சர்க்கத்தில் தேவர்களே ஒருவரோடொருவர் மோதுகிறபோது, ஹீரா ஆர்ட்டெமிஸின் வில்லைப் பிடுங்கி அதனாலேயே அவள் காதோரத்தில் அடிக்க, அம்புகள் சிதறி விழ, அந்தப் பெண் அழுதுகொண்டு ஓடுகிறாள். இத்தகைய சண்டை மூளுவதைக் கண்டே ஜீயஸ் மனத்துக்குள் சிரித்து மகிழ்கிறான். அதே ஆயுதங்களும் அதே வசவுகளும் மனிதர்களிடத்தில் வரும்போது நாம் சிரிப்பதில்லை. அங்கே காயம்பட்டவன் எழுந்திருப்பதில்லை.

இந்த வேறுபாட்டைக் காவியத்துக்குள்ளேயே தெளிவாக அறிந்து சொன்னவன் லிக்கியா தேசத்து அரசன் ஸார்ப்பிடன். டிராய்க்கு உதவியாக வந்த அவன், 12-ஆம் சர்க்கத்தில் தன் தோழன் கிளாக்கஸை நோக்கி, ஊரில் நமக்கு முதல் ஆசனமும் நல்ல இறைச்சியும் நிறைந்த கிண்ணமும் நதிக்கரையில் விளைநிலமும் கொடுத்து மதிக்கிறார்களே, அதற்கு ஈடாக முன்வரிசையில் நிற்கவேண்டாமா என்று கேட்கிறான். அதன்மேல் அவன் சொல்வதுதான் விஷயம்: இந்தப் போரிலிருந்து தப்பினால் மூப்பும் சாவும் இன்றி என்றும் இருப்போம் என்றால், தானும் முன்னே நிற்கமாட்டான், நண்பனையும் அனுப்பமாட்டான், எப்படியும் சாவு ஆயிரம் வடிவில் சூழ்ந்து நிற்பதனால்தான் போவோம் என்கிறான். இதைச் சொல்கிறவன் ஜீயஸின் மகன் என்பதை ஹோமர் மறந்து எழுதியிருக்கமாட்டார்.

16-ஆம் சர்க்கத்தில் அவனைக் கொல்லப் பட்ரோக்லஸ் நெருங்குகையில் தேவர்களின் தலைவன் தடுமாறுகிறான். மகனை உயிரோடு தூக்கி லிக்கியாவில் இறக்கிவிடலாமா என்று அவன் யோசிக்க, செய்துகொள், ஆனால் மற்றத் தேவர்கள் ஒப்பமாட்டார்கள், அவர்களுக்கும் இந்தக் களத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறாள் ஹீரா. ஜீயஸ் அடங்கிவிடுகிறான், மகனைக் கௌரவிக்க இரத்தத் துளிகளை மண்மீது பொழிவிக்கிறான். பின்னர் அவன் ஆணைப்படி அப்பல்லோ உடலை ஆற்றுநீரில் கழுவ, உறக்கமும் மரணமும் என்ற இரட்டைச் சகோதரர்கள் அதைத் தாய்நாட்டுக்குச் சுமந்து செல்கிறார்கள். (இந்தக் காட்சியை யூஃப்ரோனியஸ் சுமார் கி.மு. 515-ல் தீட்டிய கலசம், நியூயார்க் கண்காட்சிச்சாலையில் முப்பதாண்டுகளுக்கு மேல் இருந்து, 2008-ல் இத்தாலிக்குத் திரும்பிச் சேர்ந்தது.) பிரபஞ்சத்தை ஆள்கிறவன் ஒரு சாதாரணத் தகப்பனைப்போல் கையற்று நிற்கும் இந்த ஓரிடத்தில்தான் ஒலிம்பஸுக்கு ஒரு கம்பீரம் வாய்க்கிறது, அதுவும் மனிதச் சாவிலிருந்து கடன் வாங்கியது.

சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரகாவியத்தோடு ஒப்பிட்டு க. கைலாசபதி ஆங்கிலத்தில் எழுதி, 1968-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியான ஆராய்ச்சி இங்கே பலருக்கு நினைவு வரும். புகழுக்காக உயிரைக் கொடுப்பதில் புறநானூற்று மறவனும் ஹெக்டரும் ஒரே குலத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் மறவனுடைய தேரில் அதீனா ஏறுவதில்லை. அவன் சாவதை மலையுச்சியில் அமர்ந்து வேடிக்கை பார்க்கும் சாகாதவர்களின் சபையொன்றும் புறத்தில் கிடையாது. ஒப்புமை அந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்றே கருதுகிறோம்.

ஒடிஸியில் ஹோமர் இதே பிரச்சினையை வேறு இரு முனைகளிலிருந்து தொடுகிறார். அமரத்துவம் தருகிறேன், என்னுடன் இருந்துவிடு என்கிற கலிப்ஸோவிடம், அழகில் உனக்கு நிகராகாத என் மனைவியிடமே போகிறேன் என்கிறான் ஒடிஸியஸ். பாதாளத்தில் அவன் சந்திக்கும் அக்கிலீஸின் ஆவியோ, செத்தவர்களுக்கெல்லாம் அரசனாய் இருப்பதைவிடக் காணியில்லாத ஏழை ஒருவனிடம் கூலியாளாய் உயிரோடிருப்பதே மேல் என்கிறது.

ஹோமரின் தேவர்களால் சங்கடப்பட்டவர்கள் கிரேக்கத்திலேயே பலர். ரீஜியத்து தியாஜெனீஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே, அவர்கள் நெருப்பு, நீர், காற்று முதலிய பூதங்களின் உருவகங்கள் என்று சொல்லிக் கவியைக் காப்பாற்ற முயன்றதாகத் தெரிகிறது. பிளேட்டோ காப்பாற்ற முயலவில்லை. தம் குடியரசு நூலின் மூன்றாம் பகுதியில், இளைஞர் செவியில் விழாதபடி நீக்கவேண்டிய இடங்களை வரிசைப்படுத்துகிறவர், பாதாளத்தில் அக்கிலீஸ் பேசிய அந்தப் பேச்சை முதலில் எடுத்து, சற்றுப் பின்னர் ஸார்ப்பிடனுக்காக ஜீயஸ் புலம்புவதையும் சேர்க்கிறார். உருவகம் என்று மழுப்பியவர்களைக் காட்டிலும், அஞ்சி நீக்கச் சொன்ன இந்தத் தத்துவஞானியே இலியடை உள்ளபடி படித்தவர் என்று எமக்குப் படுகிறது.